வீட்டுப் பலகாரத்தை இன்ஸ்டாவிலும் வாட்ஸ்அப்பிலும் எப்படிப் பேசி விற்பது?

பொடி, முறுக்கு, ஊறுகாய் செய்து விற்கிறீர்களா? முதலில், ஒட்டிய பாக்கெட்டையே தினமும் படம் எடுத்துப் போடுவதை நிறுத்துங்கள். அச்சிலிருந்து மாவு எண்ணெயில் விழுந்து நுரை பொங்கும் அந்த நொடி, அதற்குத்தான் ஸ்க்ரோல் செய்கிற விரல் நிற்கும். யூடியூபில் புதுக்கோட்டைப் பக்கத்து வில்லேஜ் குக்கிங் சேனலைப் பாருங்கள், ஒவ்வொரு பொருளையும் கையில் காட்டி உரக்கப் பெயர் சொல்வார்கள், அலங்காரப் பேச்சே கிடையாது, ஆனாலும் 2021-இல் 1 கோடி சந்தாதாரர்களைத் தொட்டார்கள்.

ரீல்ஸில் "வணக்கம் நண்பர்களே" என்று இழுக்க வேண்டாம், "இந்தப் பருப்புப் பொடியில் பூண்டு கிடையாது" என்று நேராக ஆரம்பியுங்கள். சத்தம் இல்லாமல் பார்ப்பவர்களுக்காக அதையே எழுத்திலும் போடுங்கள்.

அப்புறம், விலை கேட்பவரிடம் "இன்பாக்ஸ் வாங்க" என்று சொல்வது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. கால் கிலோ 120 ரூபாய், கூரியர் தனி என்று கேட்ட இடத்திலேயே எழுதுங்கள், கேட்கக் கூச்சப்பட்டவர்களும் அதைப் படித்துக்கொள்வார்கள்.

"உப்பு தூக்கலா இருக்கு" என்று ஒருவர் எழுதினால் அழிக்காதீர்கள். "எந்தத் தேதி போட்ட பாக்கெட் அக்கா? வேற அனுப்புறேன்" என்று எல்லோரும் பார்க்கவே கேளுங்கள், சொன்னபடி அனுப்புங்கள்.

வாட்ஸ்அப் பிராட்காஸ்ட், அதாவது ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் வசதி, உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் போகும். அதனால் முதல் ஆர்டரிலேயே எண்ணைச் சேமிக்கச் சொல்லிவிடுங்கள்.