ஆண்டர்சன் கதையில வர்ற மரத்தையே நம்ம வீட்டுல கிறிஸ்துமஸ் மரமா ஜோடிக்கலாம் வாங்க

கிறிஸ்துமஸ் மரத்தை ஏதாவது ஒரு கதையை வெச்சு ஜோடிக்கணும்னு ஆசைப்படுறவங்களுக்கு நான் முதல்ல சொல்றது டென்மார்க் எழுத்தாளர் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சனோட ‘ஃபிர் மரம்’ கதைதான். ஃபிர்னா குளிர் நாட்டுல வளர்ற ஊசியிலை மரம். 1844 டிசம்பர் 21, கோபன்ஹேகன்ல வெளிவந்த கதை இது. அப்போ நம்ம தரங்கம்பாடி கூட டென்மார்க் கையிலதான் இருந்துச்சு, அடுத்த வருஷம்தான் அதை இங்கிலீஷ்காரங்களுக்கு வித்தாங்க. இந்தக் கதைய ஏன் எடுத்தேன்னா இதுல ஹீரோவே ஒரு கிறிஸ்துமஸ் மரம், அதுவுமில்லாம அந்த மரத்துல என்னென்ன தொங்கவிட்டாங்கன்னு ஆண்டர்சன் விவரமா எழுதி வெச்சிருக்கார், அதனால புதுசா பண்றவங்க தலைய பிச்சுக்க வேண்டியதில்ல.

கதை சுருக்கமா இதுதான். காட்டுல ஒரு குட்டி ஃபிர் மரம், எப்பப் பார்த்தாலும் சீக்கிரம் பெருசாகணும்னு ஏக்கம், ஒரு முயல் அதைத் தாண்டிக் குதிச்சு ஓடுனா அதுக்கு அவமானமா இருக்கும். வெட்டிட்டுப் போன மரமெல்லாம் எங்க போகுதுன்னு பறவைங்ககிட்ட கேக்குது. நாரை சொல்லுது கப்பல்ல பாய்மரமா நிக்குதுன்னு, சிட்டுக்குருவிங்க சொல்லுது நாங்க ஜன்னல் வழியா எட்டிப் பார்த்தோம், நடு வீட்டுல நிக்க வெச்சு அலங்காரம் பண்ணியிருக்காங்கன்னு. கடைசில இதையும் வெட்டி ஒரு வீட்டுக்குக் கொண்டு போறாங்க, ஒரே ஒரு ராத்திரி ராஜா மாதிரி நிக்குது, மறுநாள் பரண்ல தூக்கிப் போட்டுடுறாங்க, அங்க எலிங்களுக்குத் தன் கதையைச் சொல்லிட்டு இருக்கு, அப்புறம் ஒருநாள் முற்றத்துக்கு இழுத்துட்டு வந்து வெட்டி அடுப்புக்குப் போட்டுடுறாங்க. எனக்கு இந்தக் கதை எப்பப் படிச்சாலும் தொண்டை அடைக்கும். காட்டுல இருந்தப்பவும் சந்தோஷப்படல, அலங்காரத்தோட நின்னப்பவும் சந்தோஷப்படல, எல்லாம் போனப்புறம்தான் அதுக்குத் தெரியுது.

அதனால நம்ம மரத்துல கதையைக் கீழேருந்து மேல போற மாதிரி வைக்கலாம். அடியில காடு, நடுவுல அந்த ஒரு ராத்திரி, உச்சியில நட்சத்திரம்.

முதல்ல லைட்டு

வேற எதையும் மாட்டுறதுக்கு முன்னாடி லைட்டைச் சுத்திடணும், அப்புறம் சுத்துனா மாட்டுனதெல்லாம் விழும். கதையில சிவப்பு, நீலம், வெள்ளைன்னு நூறுக்கு மேல குட்டி மெழுகுவர்த்தி. நமக்கு 4 அடி பிளாஸ்டிக் மரம்னா 100 பல்பு எல்இடி சீரியல் செட் ஒண்ணு போதும். பிளக்ல மாட்டி எல்லாம் எரியுதான்னு பார்த்துட்டு, தண்டுப் பக்கத்துல ஆரம்பிச்சு ஒவ்வொரு கிளையா நுனி வரைக்கும் போய்த் திரும்பி வாங்க, வெளிப்பக்கம் மட்டும் சுத்துனா மரத்துக்கு உள்ள இருட்டாத் தெரியும். டென்மார்க்ல இன்னும் நிஜ மெழுகுவர்த்தி ஏத்துற வீடு இருக்கு, ஆனா நம்ம வேண்டாம், கதையிலயே மரம் சிலிர்த்ததுல ஒரு கிளையில தீ பிடிச்சு ஓடி வந்து அணைக்கிறாங்க.

தங்க ஆப்பிளும் அக்ரூட்டும்

கதையில தங்கம் பூசுன ஆப்பிளும் அக்ரூட்டும் அங்கேயே காய்ச்ச மாதிரி தொங்குதுன்னு வரும். ஓட்டோட இருக்குற அக்ரூட் டிரை ஃப்ரூட்ஸ் கடையில கிடைக்கும், ஒரு 15 வாங்குங்க. ரெண்டு ஓடு சேர்ற கோடு இருக்குல்ல, அதுல தலைப்பக்கம் கத்தி முனையால லேசா நெம்பி, முடிச்சு போட்ட நூலை உள்ள சொருகி பசை வெச்சு அழுத்திப் பிடிங்க. காய்ஞ்சப்புறம் தங்க நிற அக்ரிலிக் பெயிண்ட் ரெண்டு கோட்டு. முதல் கோட்டு நல்லாக் காயாம ரெண்டாவது அடிச்சா திட்டுத் திட்டா வரும்.

ஆப்பிளுக்குப் பதிலா நான் தென்னங்குரும்பைதான் சொல்லுவேன். தென்னை மரம் இருக்குற வீட்டுல கீழ விழுந்து கிடக்கும், குட்டியா இருக்குறதா பார்த்துப் பொறுக்கி நாலு நாள் வெயில்ல காய வெச்சு, தலையில ஊசியால ஓட்டை போட்டு மெல்லிசு கம்பி நுழைச்சு தங்கம் அடிச்சா அவ்வளவு அழகு. கனம் இருக்கும், அதனால தண்டை ஒட்டி மாட்டணும், கிளை நுனியில மாட்டுனா கிளை தொங்கிடும்.

பேப்பர் வலை

கலர் பேப்பர்ல வெட்டுன குட்டி வலைக்குள்ள மிட்டாய் போட்டுத் தொங்கவிட்டாங்கன்னு கதையில இருக்கு. 15 சென்டிமீட்டர் சதுரமா ஒரு கிளேஸ் பேப்பர் எடுத்து குறுக்கா மூணு தடவை முக்கோணமா மடிங்க, அகலமான ஓரத்தை வளைவா வெட்டி விடுங்க. இப்போ ஒரு பக்கத்துலேருந்து ஒரு வெட்டு, எதிர்ப்பக்கத்துலேருந்து ஒரு வெட்டுன்னு அரை சென்டிமீட்டர் இடைவெளியில மாத்தி மாத்தி வெட்டணும், எந்த வெட்டும் மறு ஓரம் வரைக்கும் போகக்கூடாது, கூர் முனைப் பக்கம் கொஞ்சம் விட்டுடணும். மெதுவாப் பிரிச்சு நடுவுல பிடிச்சு இழுத்தா வலையா இறங்கும். ஒரு மிட்டாய்க்கு மேல போடாதீங்க, கிழிஞ்சிடும்.

பின்னல் இதயம்

இது கதையில கிடையாது, ஆனா இது இல்லாம டென்மார்க் மரமே இல்ல. ஆண்டர்சனுக்குக் கத்திரிக்கோல் பிடிச்சா பேப்பர்ல உருவம் உருவமா வெட்டுற கை இருந்துச்சு, 1860-ல அவர் பண்ணுன இதயம் ஒண்ணு இன்னும் பத்திரமா இருக்கு, இந்த வகையில கிடைச்சதுலயே பழசு அதுதான்னு சொல்றாங்க.

சிவப்பு ஒண்ணு வெள்ளை ஒண்ணு, 6 சென்டிமீட்டர் அகலம் 20 நீளத்துல பேப்பர். ரெண்டையும் பாதியா மடிச்சா 6-க்கு 10 ஆகும். மடிப்புப் பக்கத்துலேருந்து 2 சென்டிமீட்டருக்கு ஒண்ணுன்னு ரெண்டு வெட்டு, ஒவ்வொண்ணும் ஆறரை சென்டிமீட்டர் நீளம். அப்போ மூணு பட்டை கிடைக்கும். மடிக்காத முனையை அரைவட்டமா வெட்டுங்க. வளைஞ்ச முனை மேலயும் மடிப்பு கீழயும் இருக்குற மாதிரி ரெண்டையும் சாய்ச்சுப் பிடிங்க, சிவப்பு இடது கை, வெள்ளை வலது கை.

இங்கதான் எல்லாரும் தப்பு பண்ணுவாங்க. பாய் முடையற மாதிரி மேல கீழ மேல கீழன்னு போகக்கூடாது. பட்டை ஒவ்வொண்ணும் ரெட்டையா இருக்கு, ஒண்ணோட வயித்துக்குள்ள இன்னொண்ணு புகுந்து போகணும். வெள்ளையோட மேல் பட்டையை சிவப்போட முதல் பட்டைக்குள்ள விடுங்க, ரெண்டாவது சிவப்பை இந்த வெள்ளைக்குள்ள விடுங்க, மூணாவது சிவப்புக்குள்ள மறுபடி வெள்ளை போகட்டும். அதை மேல தள்ளி வெச்சுட்டு அடுத்த வெள்ளைப் பட்டைக்கு அப்படியே தலைகீழா பண்ணுங்க. மூணாவதுக்கு முதல்ல பண்ணுன மாதிரியே. சரியா வந்துச்சுன்னா இதயம் பை மாதிரி திறக்கும், உள்ள முந்திரி திராட்சை போட்டு வைக்கலாம். கடைசிப் பட்டை நுழையறப்போ இறுக்கமா இருக்கும், அவசரப்பட்டு இழுக்காதீங்க. என் அக்கா பொண்ணு ரெண்டு கிழிச்சுட்டு மூணாவதுல சரியாப் பண்ணிட்டா, அவளுக்கு எட்டு வயசுதான்.

காடும் பரணும்

சார்ட் அட்டையில முயல், நாரை, நாலு சிட்டுக்குருவி வரைஞ்சு வெட்டுங்க. முயலை அடிக்கிளைக்கு மேல குதிக்கிற மாதிரி கம்பில நிறுத்துங்க, குருவிங்களை வீட்டு ஜன்னலைப் பார்க்க வைங்க. பின்பக்கம் சுவர் ஓரத்துல ரெண்டு எலி மேல நிமிர்ந்து பார்த்துட்டு இருக்கட்டும், கதை கேக்குற மாதிரி. யாரு கண்ணுக்கும் சட்டுனு படாது, ஆனா பிள்ளைங்க கண்டுபிடிச்சுடும்.

நட்சத்திரம்

உச்சிக்குத் தங்கப் பேப்பர் ஒட்டுன அஞ்சு முனை அட்டை நட்சத்திரம். பின்னாடி கம்பிச் சுருளும் அதுகூட ஒரு ஊக்கும் சேர்த்து ஒட்டிடுங்க. ஏன் ஊக்குன்னா, கதை முடிவுல ஒரு சின்னப் பையன் அந்தக் காய்ஞ்ச மரத்துலேருந்து நட்சத்திரத்தைப் பிச்சு நெஞ்சுல குத்திக்குறான், அசிங்கமான பழைய மரத்துல இது இன்னும் ஒட்டிட்டு இருக்கு பாருன்னு சொல்லிட்டு. எங்க வீட்டுல அதை மாத்திட்டோம். ஜனவரி 6, மூணு ராஜாக்கள் திருநாள் அன்னிக்கு மரத்தைப் பிரிக்கிறதுக்கு முன்னாடி எல்லாரும் சுத்தி உக்காந்து கதையை முழுசா வாசிப்போம், அப்புறம் வீட்டுலயே சின்னவங்க சட்டையில நட்சத்திரத்தைக் குத்திவிட்டு மரத்துக்குத் தேங்க்ஸ் சொல்லச் சொல்லுவோம். இதயங்களைப் பழைய நோட்டுக்குள்ள தட்டையா வைங்க, அக்ரூட்டை முட்டை அட்டையில வைங்க, மரத்தைத் துணி போட்டுச் சுத்தி அலமாரி மேல வைங்க, பரண்ல வேண்டாம்.