மருத்துவக் கவனிப்பு அதிகம் தேவைப்படும் குழந்தையை மழலையர் பள்ளிக்கு அனுப்பலாமா? முடிவெடுக்கும் முறை

குழந்தைக்கு மூன்று வயது நிறைந்துவிட்டால், "பிள்ளைய எப்பப் பள்ளிக்கூடத்துல சேக்கப் போறீங்க?" என்று அப்பத்தாவும் அம்மாச்சியும் அக்கம்பக்கத்தாரும் கேட்கத் தொடங்கிவிடுவார்கள். பிறவி இதயக் கோளாறு, அடிக்கடி வரும் வலிப்பு, டைப் 1 சர்க்கரை நோய், குறைமாதத்தில் பிறந்ததால் பலவீனமான நுரையீரல், நெஃப்ரோடிக் சிண்ட்ரோம் (சிறுநீரில் புரதம் வெளியேறும் சிறுநீரக நோய்), தலசீமியா (பரம்பரை ரத்தசோகை நோய்) போன்றவற்றுடன் வளரும் குழந்தை இருக்கும் வீட்டில் இந்தக் கேள்வி பெற்றோரின் தூக்கத்தைக் கெடுத்துவிடுகிறது. சிறப்பாசிரியராக மதுரை மாவட்டத்தில் இப்படிப்பட்ட பல வீடுகளுக்குச் சென்று வருகிறேன். பெரும்பாலான பெற்றோர் நோயின் பெயரை வைத்தே முடிவெடுப்பதைப் பார்க்கிறேன். ஒரே நோய் இருக்கும் இரண்டு குழந்தைகளில் ஒன்று நிம்மதியாகப் பள்ளிக்குப் போய் வருகிறது. மற்றொன்று போக முடியாமல் வீட்டில் இருக்கிறது. குழந்தைக்கு ஏதாவது நேர்ந்தால் முதல் ஐந்து நிமிடங்களில் அதன் அருகில் இருக்கப்போகிறவர் யார், அவருக்கு என்ன செய்யத் தெரியும் என்பதிலிருந்து யோசிக்கத் தொடங்குங்கள். மற்ற எல்லாவற்றையும் அதன் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் அவசரத்தை விட்டுவிட வேண்டும். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 வயது முதல் 14 வயது வரையுள்ள குழந்தைகளுக்கே கட்டாயக் கல்வியைச் சொல்கிறது. மூன்று வயதிலோ நான்கு வயதிலோ பள்ளிக்கு அனுப்பியே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. "இந்த வருஷம் விட்டா சீட்டு கிடைக்காது" என்று பள்ளி அலுவலகத்தில் சொல்லப்படுவதை உங்கள் முடிவுக்குக் காரணமாக்க வேண்டாம்.

மருத்துவரிடம் எப்படிக் கேட்பது

"டாக்டர், பள்ளிக்கூடத்துக்கு அனுப்பலாமா?" என்று பொதுவாகக் கேட்டால், "அனுப்பலாம், பாத்துக்கோங்க" என்ற பொதுவான பதில்தான் வரும். கூட்டம் நிறைந்த புறநோயாளிகள் பிரிவில் அதற்குமேல் பேச நேரமும் இருக்காது. ஆகவே கேள்விகளை வீட்டிலேயே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். வீட்டை விட்டு மூன்று மணி நேரம் இருக்கும்போது என் குழந்தைக்கு நேரக்கூடிய ஆபத்துகள் எவை? அவற்றின் முதல் அறிகுறி என்ன? அருகில் இருப்பவர் உடனே செய்ய வேண்டியது என்ன? எத்தனை நிமிடங்களுக்குள் மருத்துவமனையில் சேர்க்க வேண்டும்? எந்தத் தொற்று வெறும் தொந்தரவு, எந்தத் தொற்று உயிருக்கே ஆபத்து? என்ன அறிகுறி இருந்தால் அன்று பள்ளிக்கு அனுப்பக் கூடாது? இப்படிக் குறிப்பாகக் கேட்டால் குறிப்பான பதில் கிடைக்கும்.

தொற்றைப் பற்றி வெளிப்படையாகவே சொல்ல வேண்டும். நல்ல உடல்நலமுள்ள சிறு குழந்தைக்கே ஆண்டுக்கு 6 முதல் 8 முறை சளி பிடிப்பது இயல்பு. பள்ளிக்குப் போகத் தொடங்கும் முதல் ஆண்டில் அது இன்னும் கூடும். உங்கள் குழந்தைக்கு ஒரு சாதாரணச் சளி மூன்று நாள் மூக்கொழுகலோடு முடிகிறதா, ஒவ்வொரு முறையும் மருத்துவமனையில் சேர்த்து ஆக்சிஜன் வைக்கும் நிலைக்குப் போகிறதா என்பதைக் கடந்த ஓராண்டின் மருத்துவச் சீட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு பாருங்கள். ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போதோ, அதிக அளவில் ஸ்டீராய்டு கொடுக்கப்படும்போதோ, இப்போது வேண்டாம் என்று மருத்துவர் சொன்னால் அத்துடன் அந்தப் பேச்சை நிறுத்திவிடுவதே நல்லது. அதே சமயம், வீட்டில் பள்ளிக்குப் போகும் அண்ணனோ அக்காவோ இருந்தால் வகுப்பறையின் கிருமிகளில் பெரும்பகுதி ஏற்கெனவே வீட்டுக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

தடுப்பூசி அட்டையை அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். அரசு அட்டவணையில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி இருக்கிறது. சின்னம்மை, ஃப்ளூ தடுப்பூசிகள் அதில் இல்லை என்பதால் அவற்றைத் தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுக்கும் குழந்தைக்குச் சின்னம்மை போன்ற சில உயிருள்ள தடுப்பூசிகளை (பலவீனமாக்கப்பட்ட உயிருள்ள கிருமி கொண்டவற்றை) போடக் கூடாது. அப்படியானால் வீட்டிலிருக்கும் மற்றவர்கள் தங்களுக்குரியதைப் போட்டுக்கொள்வது பற்றிக் கேளுங்கள்.

பள்ளியைப் பார்க்கப் போகும்போது

முதல்வர் அறையில் நடக்கும் பேச்சு எப்போதும் இனிமையாகத்தான் இருக்கும். நீங்கள் பேச வேண்டியவர் ஆயாம்மா. கழிப்பறைக்கு அழைத்துப் போவதும், சாப்பாடு ஊட்டுவதும், வாந்தி எடுத்தால் துடைப்பதும் அவர்தான்; குழந்தையின் முகம் மாறுவதை முதலில் பார்க்கப்போவதும் அநேகமாக அவராகத்தான் இருக்கும். "ஆயாம்மா, பாப்பாவுக்கு உதடு நீலமா மாறிப் போச்சுன்னா நீங்க என்ன செய்வீங்க?" என்று பணிவாகக் கேளுங்கள். "எனக்குத் தெரியாதுங்கம்மா, சொல்லிக் குடுங்க" என்பவரை நம்பிக் குழந்தையை விடலாம். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது, நாங்க எத்தனை பிள்ளையப் பாத்திருக்கோம்" என்று சொல்லி அனுப்பிவிடும் இடத்தில், மற்ற வசதிகள் எவ்வளவு இருந்தாலும், நான் குழந்தையைச் சேர்க்கச் சொல்ல மாட்டேன்.

உசிலம்பட்டிப் பக்கத்து அங்கன்வாடி ஒன்றில் மூச்சிரைப்பு உள்ள ஒரு சிறுவனுக்கு உதவியாளர் ஸ்பேசர் (இன்ஹேலர் மருந்தை மூச்சோடு உள்ளிழுக்க உதவும் குழல்) வைக்கக் கற்றுக்கொண்டதை அருகிலிருந்து பார்த்தேன். இன்ஹேலரைக் குலுக்க வேண்டும், ஸ்பேசரில் பொருத்த வேண்டும், முகமூடி மூக்கையும் வாயையும் இடைவெளி இல்லாமல் மூடியிருக்க வேண்டும், ஒருமுறை அழுத்திய பிறகு குழந்தை ஐந்தாறு முறை மூச்சு விடும் வரை முகமூடியை எடுக்கக் கூடாது. அந்த அம்மா முதலில் மூச்சை எண்ணாமல் எடுத்துவிட்டார். பையனின் தாய் அவர் கையைப் பிடித்து, தன் முகத்திலேயே முகமூடியை வைத்துச் செய்துகாட்டச் சொன்னார். அதன் பிறகு அவர் ஒவ்வொரு மூச்சையும் வாய்விட்டு எண்ணினார். வாயால் விளக்கிச் சொல்வது போதாது; அவர் கையால் செய்வதை நீங்கள் கண்ணால் பார்க்க வேண்டும். அவர் விடுப்பில் போகும் நாளுக்காக இன்னொருவரும் கற்றிருக்க வேண்டும்.

அடுத்ததாக, பயணத்தைப் பற்றி யாரும் போதுமான அளவு யோசிப்பதில்லை. வகுப்பறையில் இருவர் பார்த்துக்கொள்கிறார்கள். வேனிலோ ஷேர் ஆட்டோவிலோ ஓட்டுநர் மட்டும்தான் இருப்பார், அவர் கண்ணும் சாலையில்தான் இருக்கும். வலிப்போ மூச்சுத்திணறலோ சர்க்கரை இறக்கமோ வரக்கூடிய குழந்தையை வேனில் அனுப்ப வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. வீட்டார் ஒருவரே கொண்டுபோய் விட்டு அழைத்துவரக்கூடிய தூரத்தில் பள்ளி இருக்க வேண்டும். அங்கிருந்து மருத்துவமனைக்கு ஆகும் நேரத்தையும், பள்ளி நடக்கும் நேரத்திலேயே ஒருமுறை போய்ப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் மதுரை நகரின் கோரிப்பாளையத்தைக் கடப்பதும், திங்கட்கிழமை ஒன்பது மணிக்குக் கடப்பதும் ஒன்றல்ல. மேலூர், திருமங்கலம், பேரையூர்ப் பக்கத்தில் இருப்பவர்கள், முதலில் அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குப் போவதா, நேரே மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்குப் போவதா என்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு முடிவு செய்துகொள்ள வேண்டும். 108ஐ அழைக்க யாரிடமும் அனுமதி கேட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை என்பது பள்ளியில் அனைவருக்கும் தெரிந்திருக்கட்டும்.

கட்டடத்தில் பார்க்க வேண்டியவை: கை கழுவும் இடத்தில் சோப்பு இருக்கிறதா, கழிப்பறைத் தரை வழுக்குகிறதா, தண்ணீர்த் தொட்டியும் பூந்தொட்டித் தட்டுகளும் கொசு வளரும்படி கிடக்கின்றனவா, கூரை ஆஸ்பெஸ்டாஸா என்பன. சித்திரை வெயிலில் அத்தகைய கூரையின் கீழ் இருப்பது இதயக் கோளாறும் நீரிழப்பு ஆபத்தும் உள்ள குழந்தைக்கு மிகவும் கடினம். நெபுலைசரோ சளி உறிஞ்சும் கருவியோ தேவைப்படும் குழந்தையென்றால், மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகல் முழுவதும் மின்சாரம் நிறுத்தப்படும் நாளில் என்ன செய்வார்கள் என்று கேளுங்கள். பெரும்பாலும் பதில் இருக்காது; அந்த நாளை முன்கூட்டியே நாளிதழில் பார்த்துக் குழந்தையை வீட்டில் வைத்துக்கொள்வதே நடைமுறை. பிறந்தநாள் மிட்டாய், சுண்டல், கடலை மிட்டாய், ஊறுகாய் ஆகியவையும் நோய்க்கேற்ப ஆபத்தாகலாம் என்பதால், வீட்டிலிருந்து வந்ததைத் தவிர வேறெதையும் கொடுக்கக் கூடாது என்று ஒரே வரியில் சொல்லிவிடுவது எளிது.

தனியார் பள்ளியை மட்டுமே நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டுக்கு அருகிலுள்ள அங்கன்வாடியில் தாய் உடன் உட்கார்ந்திருக்கலாம், பத்து மணிக்குக் கொண்டுபோய்ப் பதினொரு மணிக்கு அழைத்து வரலாம், கட்டணமும் இல்லை. தேசிய சிறார் நலத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழு ஆண்டுக்கு இருமுறை அங்கு வந்து குழந்தைகளைப் பரிசோதிக்கவும் வேண்டும். பல குழந்தைகளுக்கு அங்கிருந்து தொடங்குவதே சிறந்தது.

சேர்க்க மறுக்கும் பள்ளியிடம் சட்டம் பேசலாமா என்று கேட்பார்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அரசு நிதி பெறும் பள்ளிகளும் அங்கீகாரம் பெற்ற பள்ளிகளும் பாகுபாடின்றிச் சேர்க்க வழிசெய்கிறது. அதன் 21 வகைகளில் தலசீமியாவும் ஹீமோஃபிலியாவும் (ரத்தம் உறையாத நோய்) உண்டு. இதயக் கோளாறும் டைப் 1 சர்க்கரை நோயும் இல்லை. சான்றிதழ் பெறத் தகுதியிருந்தால் பெற்றுக்கொள்ளுங்கள், பின்னாளில் உதவும். ஆனால் மூன்று வயதுக் குழந்தையை, விருப்பமில்லாத கைகளில் வற்புறுத்தி ஒப்படைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

ஒரு பக்கத் தாள்

சேர்ப்பது என்று முடிவாகிவிட்டால் ஒரே பக்கத்தில், பெரிய எழுத்தில், தமிழில் ஒரு தாள் தயாரியுங்கள். மருத்துவ அறிக்கைகளின் நகல்களை யாரும் படிக்க மாட்டார்கள். குழந்தையின் புகைப்படம், பெயர், எடை, நோயின் பெயர், ரத்த வகை, ஒவ்வாமை, மூன்று தொலைபேசி எண்கள் மேலே இருக்கட்டும். அதன்கீழ், "இதைப் பார்த்தால் இதைச் செய்யுங்கள்" என்ற முறையில் இரண்டு மூன்று வரிகள் மட்டும் போதும். வலிப்புள்ள குழந்தைக்கு: ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், நேரத்தைப் பாருங்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள், கையில் சாவியோ இரும்போ கொடுக்காதீர்கள், ஐந்து நிமிடத்துக்குமேல் நீடித்தால் 108. சர்க்கரை நோயுள்ள குழந்தைக்கு: வியர்த்து, நடுங்கி, சோர்ந்துபோனால் உடனே மருத்துவர் குறித்த அளவு சர்க்கரை அல்லது குளுக்கோஸ் கொடுங்கள், நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108. அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருக்கும் சில இதயக் கோளாறுகளில் குழந்தை திடீரென நீலம் பாய்ந்தால் முழங்கால்களை மடக்கி நெஞ்சோடு சேர்த்துப் பிடிக்கச் சொல்வார்கள். உங்கள் குழந்தைக்கு இது பொருந்துமா என்பதை இதய மருத்துவரிடம் கேட்ட பிறகே தாளில் எழுதுங்கள். கடைசியில் மருத்துவரின் கையெழுத்தும் தேதியும் வேண்டும்.

அம்மையைப் பற்றி ஒரு வரி தனியாக எழுதுங்கள். சின்னம்மை கொப்புளம் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே மற்றவர்களுக்குப் பரவத் தொடங்கிவிடும். ஆகவே வகுப்பில் எந்தப் பிள்ளைக்கு அம்மை போட்டிருப்பதாகத் தெரியவந்தாலும் அன்றைக்கே உங்களுக்குச் சொல்லிவிட வேண்டும். எதிர்ப்புச் சக்தி குறைந்த குழந்தைக்கு நோய் வருவதற்கு முன்பே கொடுக்கக்கூடிய பாதுகாப்பு மருந்துகள் உண்டு. தாமதித்தால் அவற்றால் பயன் குறைந்துவிடும். வேப்பிலை கட்டியிருக்கும் வீட்டைப் பற்றி வெளியே பேசத் தயங்கும் வழக்கம் நம் பக்கத்தில் இருப்பதால், இதை டீச்சரிடம் நேரில் விளக்கிச் சொல்வது அவசியம்.

எப்போது தொடங்குவது

விஜயதசமியன்று சேர்த்தால் படிப்பு நன்றாக வரும் என்று பெரியவர்கள் விரும்புவார்கள். ஆனால் அது வடகிழக்குப் பருவமழை தொடங்கும் சமயம். காய்ச்சலும் டெங்குவும் கூடும் காலம். நெல்லில் எழுத வைப்பதை அன்று வீட்டிலோ கோயிலிலோ செய்து பெரியவர்கள் மனம் குளிர வைத்துவிட்டு, வகுப்புக்கு அனுப்புவதைத் தை பிறந்து பனி குறைந்த பின் வைத்துக்கொள்ளலாம். அப்போது மற்றப் பிள்ளைகள் அழுகை நின்று பழகியிருப்பார்கள், டீச்சருக்கும் உங்கள் குழந்தையைக் கவனிக்க நேரம் இருக்கும்.

முதல் வாரம் நாளுக்கு ஒரு மணி நேரம், நீங்கள் வாசலிலேயே இருக்கும்படி. பிறகு தெருமுனை வரை விலகிப் போகலாம். நேரத்தைக் கூட்டுவதைக் குழந்தையின் தூக்கம், பசி, எடை, மூச்சு ஆகியவற்றைப் பார்த்து முடிவு செய்யுங்கள். பள்ளி விட்டு வந்ததும் சாப்பிடாமல் சுருண்டு படுத்துவிடும் குழந்தைக்கு நேரம் அதிகம் என்று பொருள். நிறுத்துவதற்கான எல்லையையும் முன்கூட்டியே மருத்துவரோடு பேசி எழுதிவைத்துக்கொள்ளுங்கள்: எத்தனை முறை மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தால், எவ்வளவு எடை குறைந்தால் நிறுத்துவது என்று. நெருக்கடியான நேரத்தில் கணவன் மனைவிக்குள் வாக்குவாதம் வராமல் அது காக்கும்.

அனுப்புவதில்லை என்று முடிவானாலும் குழந்தை தனித்திருக்க வேண்டியதில்லை. அரசு இராசாசி மருத்துவமனையின் குழந்தைகள் நலப் பிரிவில் கேட்டால், மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்கு வழி சொல்வார்கள். பேச்சு, இயன்முறைப் பயிற்சிகள் அங்கே கிடைக்கும். இயலாமையும் சேர்ந்திருக்கும் குழந்தைக்கு வட்டார வள மையத்தின் மூலம் சிறப்பாசிரியர் வீட்டுக்கே வர ஏற்பாடு உண்டு. சளி காய்ச்சல் இல்லாத ஒன்றிரண்டு பிள்ளைகளை மாலையில் வீட்டுத் திண்ணைக்கு அழைத்து விளையாட வைப்பதும் படிப்புதான்.

எந்த முடிவானாலும் மருத்துவப் பரிசோதனைக்குப் போகும் ஒவ்வொரு முறையும் அதைத் திரும்பப் பாருங்கள். குழந்தையின் எடை கூடும்போது மருந்தின் அளவும் மாறும். அப்படி மாறும் அன்றே புதிய தாளில் மருத்துவரின் கையெழுத்தை வாங்கி, பள்ளியில் கொடுத்துவிட்டு, அங்கிருக்கும் பழைய தாளைக் கேட்டு வாங்கிக் கிழித்துப் போட்டுவிடுங்கள்.