புது போர்வெல் போடும் முன் பழைய போரை அளந்து பாருங்கள்

எங்கள் பல்லடம் பக்கம் போரில் தண்ணீர் எப்படி என்று கேட்டால், "ஆயிரத்து இருநூறு அடி போட்டிருக்கோம்" என்பார்கள். அது துளையின் ஆழம். தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது என்று கேட்டால் பதில் வராது. போர் போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டியைக் கூப்பிடும் முன் தெரிய வேண்டியது அதுதான்.

உலகம் உறிஞ்சும் நிலத்தடி நீரில் ஏறக்குறைய கால்பங்கை எடுப்பது இந்தியா. சீனாவும் அமெரிக்காவும் சேர்ந்து எடுப்பதைவிட இது அதிகம். பூமியின் ஈர்ப்பு மாற்றத்தை அளக்க 2002இல் ஏவப்பட்ட கிரேஸ் செயற்கைக்கோள்களின் அளவீட்டை வைத்து, பஞ்சாப், ஹரியானா, ராஜஸ்தான் பகுதியில் 2008 வரை 109 கன கிலோமீட்டர் நீர் குறைந்ததைக் கணக்கிட்டார்கள். ஆனால் அந்தச் செயற்கைக்கோள்களுக்குத் தெரிவது பல மாவட்டம் சேர்ந்த மொத்தம்தான். உங்கள் தோட்டத்துப் போரை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

இரட்டை இழை ஒயர் ஒரு சுருள், சாதாரண மல்டிமீட்டர் ஒன்று, அவ்வளவுதான் செலவு. ஒயரின் கீழ்முனையில் இரண்டு செம்பு இழைகளும் ஒன்றையொன்று தொடாதபடி கொஞ்சம் உரித்து விடுங்கள். பக்கத்தில் ஒரு சின்ன எடையை வழவழப்பாக டேப் சுற்றிக் கட்டுங்கள். கொக்கி மாதிரி எதுவும் நீட்டிக்கொண்டிருந்தால் மோட்டார் கேபிளில் மாட்டிக்கொள்ளும். அப்புறம் மீட்டு எடுக்க மெக்கானிக்தான் வர வேண்டும். கீழ்முனையிலிருந்து பத்து அடிக்கு ஒரு கலர் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள்.

முந்தைய இரவே மோட்டாரை நிறுத்திவிட வேண்டும். ஆட்டோ ஸ்டார்ட்டர் இருந்தால் அதை ஆஃப் செய்து மெயினையும் இறக்குங்கள். இல்லையென்றால் மும்முனை கரண்டு வந்ததும் தானே ஓட ஆரம்பித்துவிடும். காலையில் மேல்முனையின் இரண்டு இழைகளையும் மீட்டரோடு இணைத்து, ஓம் (மின்தடை அளக்கும்) நிலையில் வைத்து, துளையின் ஓரமாக இறக்கியிருக்கும் கேசிங் பைப்புக்கும் தண்ணீர் பைப்புக்கும் நடுவே மெதுவாக இறக்குங்கள். தண்ணீரைத் தொட்டதும் மீட்டரில் எண் வரும். கேசிங்கில் வழியும் ஈரமும் ஏமாற்றும், அதனால் இரண்டு மூன்று தடவை தூக்கி இறக்கி உறுதி செய்யுங்கள். அதற்குமேல் இறக்க வேண்டாம். கேசிங் வாயிலிருந்து உள்ளே இறங்கிய ஒயரின் நீளத்தில், தரைக்கு மேல் நிற்கும் கேசிங் உயரத்தைக் கழித்தால் நீர்மட்டம்.

மத்திய நிலத்தடி நீர் வாரியம் ஜனவரி, கோடை, ஆகஸ்ட், நவம்பர் என ஆண்டுக்கு நான்கு முறை அளக்கிறது. நாமும் அப்படியே செய்தால் போதும். மே மாத அளவை நவம்பரோடு ஒப்பிட்டுப் பயப்படாதீர்கள், போன மே மாதத்தோடு ஒப்பிடுங்கள். நல்ல மழை பெய்த ஆண்டிலும் நவம்பர் மட்டம் போன நவம்பருக்குக் கீழே நின்றால், ஊறுவதைவிட எடுப்பது அதிகம் என்று அர்த்தம். நம் பக்கத்தில் தண்ணீர் பாறை வெடிப்புகளில்தான் ஓடுகிறது. ஐம்பது அடி தள்ளி இன்னொரு போர் போட்டாலும் பெரும்பாலும் அதே வெடிப்பை இரண்டு மோட்டார் உறிஞ்சும். அந்தப் பணத்தில் முதலில் தென்னைக்குச் சொட்டுநீர் போடுங்கள்.