கெட்ட டிஸ்க்கை மாற்றப்போய் நல்ல டிஸ்க்கைக் கழற்றிவிடாதீர்கள்

வீட்டில் ஓடும் ஒரு சர்வரை எடுத்துக்கொள்வோம். அதில் 4 டிபி கொள்ளளவுள்ள நான்கு ஹார்டு டிஸ்க்குகள், இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமையில் ரெய்டு-இசட்1 ஆக, அதாவது ஒரு டிஸ்க் போனாலும் தரவு நிற்கும் என்ற கணக்கில் கட்டப்பட்டிருக்கின்றன. ஒரு நாள் அதன் நிலைப் பக்கத்தில் ‘டிகிரேடட்’, அதாவது ஒரு டிஸ்க் குறைந்த நிலை, என்ற சொல் வந்துவிடுகிறது. அந்த நிமிடத்தில் தரவு முழுவதும் பத்திரமாகவே இருக்கிறது. இன்னொரு டிஸ்க்குக்கு ஏதாவது ஆகிவிட்டால் மட்டுமே இருக்காது. ஆகவே மாற்றும் வேலையில் கவனம் முழுவதும் இருக்க வேண்டியது செத்துப்போன டிஸ்க்கின் மீதல்ல, உயிரோடு இருக்கும் மற்ற மூன்றின் மீது.

முதல் தவறு, டிஸ்க் உண்மையிலேயே கெட்டுவிட்டதா என்று பார்க்காமல் புதியது வாங்க ஓடுவது. ஒவ்வொரு டிஸ்க்கும் தன் உடல்நிலையை ஸ்மார்ட் என்ற பதிவேட்டில் எழுதி வைக்கிறது. அதில் 5, 197, 198 ஆகிய எண்களுக்கு எதிரே உள்ள மதிப்புகள் ஏறிக்கொண்டிருந்தால் தட்டின் பரப்பே பழுதாகிறது என்று பொருள். டிஸ்க்கை மாற்றத்தான் வேண்டும். அவை பூஜ்யமாக இருந்து 199 மட்டும் ஏறினால், பெரும்பாலும் குற்றவாளி டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் இடையே தரவைக் கடத்தும் சாட்டா கேபிள். சில நூறு ரூபாய்க் கேபிளை மாற்றினால் தீர வேண்டிய விஷயம் அது. கேபிளை மாற்றிய பிறகும் 199-இன் மதிப்பு குறையாது. மேற்கொண்டு ஏறுகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். இங்கே இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. கழற்றி மாட்டும் வகை பவர் சப்ளைகளில், ஒரு மாடலின் மின்கேபிளை இன்னொரு மாடலில் பொருத்தவே கூடாது. செருகும் வடிவம் ஒத்துப்போனாலும் உள்ளே மின்னழுத்த வரிசை மாறியிருக்கலாம். அப்படி மாறியிருந்தால் அந்தக் கேபிளில் தொங்கும் டிஸ்க்குகள் அத்தனையும் ஒரே நொடியில் கருகிப்போகக்கூடும்.

அடுத்தது, பேக்கப் எடுக்காமல் வேலையைத் தொடங்குவது. ரெய்டு பேக்கப் ஆகாது என்பதைப் பலரும் சொல்லக் கேட்டிருப்போம். டிகிரேடட் ஆன நாளில்தான் அதன் பொருள் விளங்கும். இழந்தால் திரும்பக் கிடைக்காத குடும்பப் படங்கள், ஆவணங்கள் ஆகியவற்றை மட்டுமாவது வெளியே ஒரு டிஸ்க்கில் நகலெடுத்துவிட்டுத்தான் ஸ்குரூடிரைவரைத் தொட வேண்டும். சிலர் இந்த நேரத்தில் ‘ஸ்கிரப்’ ஓடவிட்டு எல்லாம் சரியா என்று சோதிக்கிறார்கள். அது மிச்சமுள்ள டிஸ்க்குகளில் இருக்கும் தரவு முழுவதையும் படிக்கவைத்து, பேக்கப் எடுக்கும் அளவுக்குப் பளுவை வீணாக ஏற்றுகிறது. அந்தப் படிப்பைப் பேக்கப்புக்காகப் படிக்கவைப்பது மேல்.

இனி, இருப்பதிலேயே பெரிய தவறுக்கு வருவோம்: தவறான டிஸ்க்கை உருவுவது. எஸ்டிஏ, எஸ்டிபி, எஸ்டிசி என்று லினக்ஸ் சூட்டும் பெயர்கள் நிரந்தரமானவை அல்ல; ஒரு முறை ரீஸ்டார்ட் ஆனாலே நேற்றைய எஸ்டிசி இன்று எஸ்டிபி ஆகிவிடக்கூடும். எனவே ‘எஸ்டிசி என்றால் மேலிருந்து மூன்றாவது’ என்று கணக்குப் போட்டு மூன்றாவது ட்ரேயை இழுப்பவர், பெரும்பாலும் நல்ல டிஸ்க்கைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார். நம்பத்தக்கது டிஸ்க்கின் வரிசை எண் ஒன்றுதான். அது மென்பொருளிலும் தெரியும், டிஸ்க்கின் மேல் ஒட்டிய வெள்ளை லேபிளிலும் அச்சாகியிருக்கும். கெட்ட டிஸ்க் முற்றிலும் செத்துப்போய்த் தன் எண்ணைச் சொல்ல முடியாத நிலையில் இருந்தால், உயிரோடு உள்ள மூன்றின் எண்களையும் தாளில் குறித்துக்கொண்டு, அந்தப் பட்டியலில் இல்லாத எண் எந்த லேபிளில் இருக்கிறதோ அதை எடுக்க வேண்டும். விளக்கு மின்னாததை வைத்து முடிவு செய்வதும் ஆபத்தே. வேலை இல்லாமல் சும்மா இருக்கும் நல்ல டிஸ்க்கின் விளக்கும் மின்னாது.

என் சர்வரில் ஒவ்வொரு ட்ரேயின் முகப்பிலும் அந்தந்த டிஸ்க்கின் வரிசை எண்ணில் கடைசி நான்கு எழுத்துகளை மார்க்கரால் எழுதி, மேலே செல்லோடேப் ஒட்டியிருக்கிறேன். பார்க்க அழகாக இல்லைதான். ஆனால் பதற்றத்தில் இருக்கும்போது ட்ரேயை உருவாமலேயே படிக்க முடிகிறது. டிஸ்க் நன்றாக இருக்கும் நாளிலேயே செய்துவைக்க வேண்டிய வேலை இது.

ஒருவேளை நல்ல டிஸ்க்கை உருவிவிட்டால் என்ன செய்வது? அதற்குமேல் எதையும் புதிதாகச் செய்யாமல், சர்வரை நிறுத்தி, உருவியதை அதே இடத்தில் திரும்பச் செருகி இயக்க வேண்டும். பெரும்பாலான சமயங்களில் இசட்எஃப்எஸ் அதை அடையாளம் கண்டு சேர்த்துக்கொள்ளும். தரவு நிஜமாகவே அழிவது, இதன் பிறகு பயத்தில் ‘புதிதாக உருவாக்கு’, ‘இனிஷியலைஸ்’ என்ற பொத்தான்களை அழுத்தும்போதுதான்.

புதிய டிஸ்க்கைச் சேர்க்கும் கட்டளையிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. கெட்டதன் இடத்தில் புதியதை அமர்த்துவதற்கு உரியது ‘ரீப்ளேஸ்’. அதற்குப் பதிலாக ‘ஆட்’ என்று கொடுத்தால், புதிய டிஸ்க் பழுதான குழுவில் சேராமல், பாதுகாப்பு ஏதுமற்ற தனி உறுப்பாக, மொத்தச் சேமிப்பான தொகுப்போடு ஒட்டிக்கொள்ளும். பிறகு அந்த ஒற்றை டிஸ்க் போனால் தொகுப்பு முழுவதும் போய்விடும். ரெய்டு-இசட் உள்ள தொகுப்பிலிருந்து அதை வெளியே எடுக்கவும் வழியில்லை. இசட்எஃப்எஸ் இதைச் செய்யுமுன் எச்சரித்து மறுக்கவே செய்கிறது. கட்டாயப்படுத்தும் குறியைச் சேர்த்து அந்த மறுப்பைத் தாண்டிப் போகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். பழைய டிஸ்க் இன்னும் ஓரளவு இயங்குகிறது, சர்வரில் ஒரு சாட்டா முனை காலியாகவும் இருக்கிறது என்றால், பழையதைக் கழற்றாமலேயே புதியதை மாட்டி ‘ரீப்ளேஸ்’ கொடுப்பது மிகவும் பத்திரமான வழி; வேலை முடியும் வரை பழையதும் தன்னால் இயன்றதைக் கொடுத்துக்கொண்டிருக்கும்.

வாங்கும்போது செய்யும் தவறுகளில் முக்கியமானது, எஸ்எம்ஆர் வகை டிஸ்க்கை அறியாமல் வாங்குவது. நாட்டு ஓடு வேய்ந்த கூரையைப் போல அதில் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று சற்றே ஏறி அமர்ந்திருக்கும். நடுவில் ஓர் ஓட்டை மாற்ற மேலே உள்ளவற்றைப் பிரிக்க வேண்டியிருப்பது போலவே, அங்கே ஒரு தடத்தைத் திருத்த அடுத்தடுத்தவற்றையும் திரும்ப எழுத வேண்டும். இழந்த டிஸ்க்கின் தரவைப் புதியதில் திரும்ப நிரப்பும் மறுகட்டமைப்பில் இடைவிடாமல் எழுதும்போது இந்த வகை டிஸ்க் மூச்சுத் திணறி, சில நேரம் பதில் சொல்லாமல் நின்று, கெட்டுவிட்டதாகவே கருதப்பட்டு வெளியேற்றப்படுகிறது. நாஸ் எனப்படும் சேமிப்பு சர்வர்களுக்கென்றே விற்கப்பட்ட வெஸ்டர்ன் டிஜிட்டல் ரெட் வரிசையில் 2 முதல் 6 டிபி வரையிலான சில மாடல்கள் எஸ்எம்ஆர் என்பது 2020-இல் வெளிவந்து பெரும் சர்ச்சையானது. எனவே பெட்டியின் மீதுள்ள ‘நாஸ்’ என்ற சொல்லை நம்பாமல், மாடல் எண்ணை வைத்து அது, தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத சிஎம்ஆர் வகைதானா என்று பார்த்து வாங்க வேண்டும். கொள்ளளவு பழையதைவிடக் கொஞ்சம் குறைந்தாலும் ‘ரீப்ளேஸ்’ மறுக்கப்படும். கூடினால் தவறில்லை, ஆனால் நான்கையும் ஒவ்வொன்றாக மாற்றி முடிக்கும் வரை கூடுதல் இடம் கிடைக்காது. வாங்கிய டிஸ்க்கை நேரே சேர்க்காமல், ஸ்மார்ட்டின் நீண்ட சோதனையை ஒரு முறை ஓடவிடுவது நல்லது. 4 டிபிக்கு ஏழெட்டு மணி நேரம் ஆகும்.

மறுகட்டமைப்பும் சிறிய வேலையல்ல. நொடிக்கு 150 எம்பி வேகத்தில் நிற்காமல் எழுதினாலும் 4 டிபி நிரம்ப ஏழரை மணி நேரம் பிடிக்கும், நடைமுறையில் கூடும். அந்த நேரத்தில் மின்சாரம் போய் வந்தால் இசட்எஃப்எஸ் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்துவிடும் என்றாலும், திடீரென நின்று மீண்டும் சுழல்வதை வயதான டிஸ்க்குகள் எல்லாமே தாங்கும் என்று சொல்ல முடியாது. யுபிஎஸ் இல்லாத வீட்டில், பராமரிப்புக்காக மின்நிறுத்தம் அறிவித்த நாளுக்கு முந்தைய இரவில் இந்த வேலையைத் தொடங்காதிருப்பதே போதும். பெட்டியின் மூடியைத் திறந்துபோட்டு ஓடவிடுவது குளிர்ச்சி தரும் என்று தோன்றும்; பல பெட்டிகளில் காற்று டிஸ்க்குகளின் இடையே போகாமல் வெளியேறி, வெப்பம் கூடவே செய்யும்.

கழற்றிய பழைய டிஸ்க்கை அன்றே வாரண்டிக்கு அனுப்பவோ பழைய இரும்புக்காரரிடம் போடவோ வேண்டாம். மறுகட்டமைப்பு முடிந்து, அதன்பின் ஒரு ஸ்கிரப்பும் பிழையின்றி முடியும் வரை அது மேசையில் இருக்கட்டும்; நல்லவற்றில் ஒன்றில் படிக்க முடியாத இடம் வெளிப்பட்டால், இதிலிருந்து மீட்க வாய்ப்புண்டு. அதன் பிறகு அனுப்புவதானால், ரெய்டின் ஒற்றை டிஸ்க்கில்கூடப் படிக்கத்தக்க கோப்புத் துண்டுகள் கிடக்கும் என்பதால், இயங்கும் நிலையில் இருந்தால் முழுவதும் பூஜ்யங்களால் எழுதி அழித்துவிட வேண்டும். எழுத முடியாத நிலையில் இருந்து, தரவு குறியாக்கமும் செய்யப்படவில்லை என்றால், நான் வாரண்டியை மறந்துவிட்டுத் தட்டுகளைத் துளையிட்டுவிடுவேன்.