தண்ணீர்மலை முசுவை ஆறு நிமிடத்தில் காட்டுவது எப்படி

பிலிப்பீன்ஸில் 2008-இல் தொடங்கிய 'மாத்தாங்லாவின்' நிகழ்ச்சியின் பெயரில் பாதியை மலேசியத் தமிழருக்கு விளக்க வேண்டியதில்லை. மலாயைப் போலவே தகாலோக் மொழியிலும் 'மாத்தா' என்றால் கண், 'லாவின்' பருந்து. கிம் அதியென்சா நடத்திய அந்த நிகழ்ச்சியும், ஜிஎம்ஏ அலைவரிசையின் 'போர்ன் டு பீ வைல்ட்', 'அமேசிங் எர்த்' ஆகியவையும் விலங்குத் துணுக்குகளை வீட்டுக் கூடத்துக்குக் கொண்டுவந்தவை. 2018-இல் தொடங்கிய 'அமேசிங் எர்த்' பிபிசியின் படக்காட்சிகளுக்குத் தகாலோக்கில் குரல் கொடுத்து, பக்கத்திலேயே உள்ளூர்க் கதைகளையும் வைத்தது. இப்படியொரு நிகழ்ச்சியைத் தமிழில் செய்ய நினைப்பவர்கள் பார்த்துக் கற்க வேண்டியது அந்த உள்ளூர்ப் பகுதியைத்தான். பனிக்கரடிக்கு எங்கும் போகவேண்டாம். பினாங்கில் முசு என்னும் இலைதின்னிக் குரங்கு இருக்கிறது.

மலாய்க்காரர்கள் லோத்தோங் என்கிறார்கள். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம், சாம்பல் உடல், நீண்ட வால். குட்டி மட்டும் ஆரஞ்சு நிறத்தில் பிறந்து, ஏறக்குறைய ஆறு மாதத்தில் சாம்பலாக மாறிவிடும். தண்ணீர்மலைப் பூங்காவிலும் கொடிமலைச் சரிவிலும் பகலிலேயே கிடைக்கும் விலங்கு. இதைவிட எளிய கதாநாயகன் அமையாது.

ஆறு நிமிடத்துக்கு ஒரே கேள்வி போதும். நிறம், வால், குட்டி, உணவு என்று எல்லாவற்றையும் அடைத்தால் பள்ளிப் பாடமாகிவிடும். இங்கே எடுத்துக்கொள்வது: முசுவுக்கு வாழைப்பழம் நீட்டினால் என்ன கெடுதல்? முதல் இருபது விநாடிக்குள் கேள்வியைக் கேட்டுவிடுங்கள். பதிலை நான்காவது நிமிடம்வரை தராதீர்கள். 'உங்களுக்குத் தெரியுமா' என்று தொடங்குவது தேய்ந்துபோன வழி. பழத்தை நீட்டும் ஒரு கையைக் காட்டி அங்கேயே நிறுத்துங்கள். அந்தக் காட்சியை வீட்டில் எடுத்துக்கொள்ள வேண்டும், முசுவின் முன்னால் அல்ல.

படப்பிடிப்புக்குக் காலை 7 முதல் 10 மணிவரை நல்லது. நண்பகலில் கூட்டம் கிளையில் சாய்ந்து ஓய்வெடுக்கும். செரிமானத்தைப் பற்றிப் பேச அந்தக் காட்சியும் வேண்டும் என்பதால் 11 மணிக்கு ஒரு பத்து நிமிடம் ஒதுக்குங்கள். ஆள்கூட்டத்தோடு முக்காலி வைத்து எடுப்பதானால் பூங்கா அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

ஏர்கோன் காரிலிருந்து கேமராவை அப்படியே வெளியே எடுத்தால் லென்ஸ் முழுக்கப் பனி மூடும். துடைத்தால் மறுபடியும் மூடும். பையைத் திறக்காமல் வெளியே அரை மணிநேரம் வையுங்கள். 300 முதல் 400 மி.மீ. லென்ஸ், விநாடிக்கு 25 பிரேம், ஷட்டர் 1/50 விநாடி. கிளையில் இருப்பதைக் கீழிருந்து எடுத்தால் பின்னால் வெள்ளை வானம், முன்னால் கருப்புப் பொம்மை, முகமே தெரியாது. ஒன்று முதல் ஒன்றரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் இரு மடங்கு) வெளிச்சத்தைக் கூட்டுங்கள், வானம் வெளுத்தால் வெளுக்கட்டும். அதைவிடக் கொடிமலைச் சரிவில் மேட்டில் நின்றால் மரத்தின் உச்சி கண்மட்டத்துக்கு வரும், பின்னால் பச்சை இருக்கும்.

தொல்லை தருவது முசு அல்ல, சாதாரணக் குரங்கு. பிளாஸ்டிக் பை சரசரத்தால் ஓடிவரும். சாப்பாட்டைக் காரிலேயே விட்டுவிடுங்கள். அதன் கண்ணை உற்றுப் பார்க்காதீர்கள், சண்டைக்கு அழைப்பதாக எடுத்துக்கொள்ளும். 'போர்ன் டு பீ வைல்ட்' தொகுப்பாளர்கள் விலங்கைத் தொடுகிறார்களே என்றால், அவர்கள் கால்நடை மருத்துவர்கள். நம் தொகுப்பாளர் தொடவேண்டாம்.

பதிலை விளக்கும் சோதனைதான் நிகழ்ச்சியின் உயிர். முசுவின் இரைப்பை மாட்டினுடையதுபோல் அறை அறையாக இருக்கும். நுண்ணுயிர்கள் இலையைப் புளிக்கவைத்து மெதுவாகச் செரிக்கவைக்கும். சர்க்கரை மிகுந்த பழமோ ரொட்டியோ போனால் புளிப்பு வேகமாகி வாயுவும் அமிலமும் கூடும். இதைச் சொன்னால் யாருக்கும் ஏறாது. காட்ட வேண்டும்.

600 மி.லி. தண்ணீர்ப் போத்தல் இரண்டு, பலூன் இரண்டு. ஒவ்வொன்றிலும் 200 மி.லி. வெதுவெதுப்பான நீரும் 7 கிராம் உலர் ஈஸ்டும். ஒன்றில் இரண்டு மேசைக்கரண்டி சர்க்கரை, மற்றதில் ஒரு கைப்பிடி நறுக்கிய கங்குங் கீரை. போத்தலின் வாயில் பலூனை மாட்டி ரப்பர் வளையம் போடுங்கள். நீர் 40 டிகிரி செல்சியஸ் போதும். கொதிநீர் ஊற்றினால் ஈஸ்ட் செத்து இரண்டு பலூனும் தொங்கும். புதுப் பலூன் விறைப்பாக இருக்கும், ஆகையால் முதலில் இரண்டு முறை ஊதிக் காற்றை விட்டுவிடுங்கள். தோசை மாவில் செய்து பார்க்க ஆசை வரும். வேண்டாம், மாவு கெட்டி. வாயு அதற்குள்ளேயே சிக்கி மாவு பொங்கிப் பலூனுக்குள் ஏறிவிடும்.

ஐந்து விநாடிக்கு ஒரு படம் வீதம் நாற்பது நிமிடம் எடுத்தால் 480 படம். விநாடிக்கு 25 படமாக ஓட்டினால் 19 விநாடி. சர்க்கரைப் பலூன் எழும், கீரைப் பலூன் ஏறக்குறைய அப்படியே கிடக்கும். 'முசுவின் வயிற்றில் இருப்பது ஈஸ்ட் அல்ல, இது ஓர் ஒப்புமை' என்று ஒரு வரி கட்டாயம் சேருங்கள். சேர்க்காவிட்டால் தப்பான துணுக்கு ஒன்று ஊரைச் சுற்றும்.

மீதி ஒரு நிமிடத்துக்குத் தெலுக் பகாங் போங்கள். அங்கே 2019-இல் சாலைக்கு மேலே பழைய தீயணைப்புக் குழாய்களைக் கொண்டு முசுக்கள் கடக்கப் பாலம் கட்டியிருக்கிறார்கள். பாலத்தை மட்டும் எடுத்தால் வெறும் கயிறாகத் தெரியும். கீழே கார் போகும்படி சட்டகம் வையுங்கள்.

குரலுக்கு நிமிடத்துக்கு 80 சொல்லுக்கு மேல் எழுதாதீர்கள். 'முசுவானது அடர்ந்த வனப்பகுதிகளில் காணப்படுகிறது' போன்ற வரி வந்தால் வெட்டுங்கள். திரையில் அது காட்டில்தானே உட்கார்ந்திருக்கிறது. சில்வண்டுச் சத்தம் குரலை விழுங்கும், எனவே பேச்சைச் சட்டை மைக்கில் தனியாகப் பிடியுங்கள். யாரும் பேசாமல் காட்டின் ஒலியையும் இரண்டு நிமிடம் பதிவுசெய்யுங்கள். வெட்டிய இடங்களில் ஒலி சட்டென்று அறுந்துபோகாமல் அடியில் ஓடவிட அதுதான் உதவும்.