பீச் காப்லர்: அடியில் தண்ணீர், நடுவில் பச்சை மாவு ஏன்?

பீச் பழத்தோடு மாவைச் சேர்த்து ஓவனில் வேகவைக்கும் இனிப்புதான் பீச் காப்லர். ஓவனிலிருந்து வெளியே எடுக்கும்போது அது பெரும்பாலும் அழகாகத்தான் இருக்கும். மேலே பொன்னிறம், ஓரங்களில் குமிழியிடும் சாறு, வெண்ணெயும் பட்டையும் கலந்த மணம். கரண்டியை உள்ளே விட்டதும்தான் விஷயம் தெரியவரும். அடியில் தண்ணீராக ஓடும் சாறு, அதன்மேல் பிசுபிசுவென்று வேகாத மாவு, கூழாகிப்போன பழம். மூன்றும் வெவ்வேறு குறைகள் போலத் தெரிந்தாலும் மூலம் அநேகமாக ஒன்றுதான். பீச் பழத்தின் எடையில் ஏறக்குறைய 88 சதவீதம் தண்ணீர். சர்க்கரையும் சூடும் பட்டால் அந்தத் தண்ணீர் வெளியே வந்தே தீரும். அது எப்போது வெளியேறுகிறது, எங்கே போகிறது, எதனால் கெட்டியாகிறது என்று கவனித்தாலே பாதித் தவறுகள் நடக்காது.

ஒன்றை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் வேரூன்றிய இந்த இனிப்பைச் செய்யும் முறை ஒன்றல்ல. பழத்தின் மேல் பேக்கிங் பவுடர் சேர்த்த மெத்தென்ற மாவைக் கிள்ளிக் கிள்ளி வைப்பது ஒரு முறை. உருக்கிய வெண்ணெய் மேல் தளர்ந்த மாவுக் கரைசலை ஊற்றி, அதன்மேல் பழத்தைப் பரப்புவது இன்னொன்று. 'பை' (pie) என்ற பழப் பண்டத்துக்கான மாவைத் தேய்த்து மூடுபவர்களும் உண்டு. ஒரு முறையின் அளவை இன்னொரு முறையின் செய்கையோடு கலப்பதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. நான் பெரும்பாலும் பேசப்போவது கிள்ளி வைக்கும் முறையைப் பற்றி. பழமும் மாவும் தனித்தனியாகத் தங்கள் குணத்தைக் காட்டுவது அதில்தான் என்பது என் கருத்து.

பழம் வாங்கும்போதே

தோலின் சிவப்பைப் பார்த்துப் பழுத்துவிட்டது என்று முடிவு செய்யாதீர்கள். சிவப்பு அந்த ரகத்தின் நிறம், வெயில் பட்டதன் அடையாளம், அவ்வளவுதான். சிவப்புக்குப் பின்னால் இருக்கும் அடிநிறத்தைப் பாருங்கள். காம்பைச் சுற்றிப் பச்சை தெரிந்தால் காயாகவே பறித்திருக்கிறார்கள். மஞ்சளோ இளமஞ்சளோ தெரிந்து, காம்பருகே மெல்ல அழுத்தினால் சற்றே அமுங்கி, முகர்ந்தால் மணம் வந்தால் சரியான பதம்.

பறித்த பிறகு பீச் மென்மையாகும், மணம் கூடும். ஆனால் இனிப்பு கூடாது. சர்க்கரையாக மாறுவதற்கு அதில் மாவுச்சத்துச் சேமிப்பு கிடையாது. ஆகவே இனிப்பில்லாத பழத்தை நான்கு நாள் வைத்திருந்தாலும் இனிப்பு வராது. சரியாகப் பழுக்காததை ஃபிரிட்ஜில் வைப்பது அதைவிடப் பெரிய தவறு. 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வரையிலான குளிரில் பழுக்காத பீச் பல நாள் இருந்தால், சதை சாறில்லாமல் நார்நாராக, மாவு மாவாக மாறிவிடும். அதை எந்தச் சர்க்கரையாலும் மீட்க முடியாது. வெளியே, காகிதப் பையில் வைத்துப் பழுக்க விடுங்கள். நன்றாகப் பழுத்த பிறகு ஓரிரு நாள் ஃபிரிட்ஜில் இருந்தால் பரவாயில்லை.

அதேபோல மிகவும் கனிந்து குழைந்த பழமும் காப்லருக்கு ஆகாது. ஓவனில் முக்கால் மணி நேரம் தாங்க வேண்டுமே. மணமும் இனிப்பும் வந்திருக்க வேண்டும், துண்டு போட்டால் துண்டாகவே நிற்கவும் வேண்டும். அந்தப் பதம்தான் தேவை. மஞ்சள் சதை உள்ள ரகங்களில் புளிப்பும் கூடவே இருப்பதால் சூட்டிலும் சுவை மங்குவதில்லை. வெள்ளைச் சதை ரகங்களில் புளிப்பு குறைவு, அவற்றைப் பயன்படுத்தினால் எலுமிச்சைச் சாற்றைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். கொட்டையை விட்டுச் சதை எளிதாகப் பிரியும் ரகம் கிடைத்தால் அதையே எடுங்கள். கொட்டையோடு ஒட்டும் ரகத்தில் வெட்டும்போதே பழம் நசுங்கிச் சாறு வீணாகும்.

தோலை உரிக்கத்தான் வேண்டுமா? கட்டாயம் இல்லை. ஆனால் வெந்த தோல் சதையிலிருந்து கழன்று சுருண்டு வாயில் தட்டுப்படும். எனக்கு அது பிடிப்பதில்லை. அடியில் கத்தியால் பெருக்கல் குறி போலக் கீறி, கொதிக்கும் நீரில் 30 முதல் 60 விநாடி போட்டு, உடனே ஐஸ் தண்ணீருக்கு மாற்றினால் தோல் கையோடு வந்துவிடும். தண்ணீரிலேயே மறந்துவிட்டால் பழத்தின் வெளிப்புறம் வெந்து வழுக்கும். இப்படிச் செய்தும் தோல் வராவிட்டால் பழம் இன்னும் காய்தான்.

துண்டுகள் ஒன்று முதல் ஒன்றரை சென்டிமீட்டர் கனத்தில் ஒரே சீராக இருக்கட்டும். மெல்லிய சீவல்கள் கரைந்துபோகும்.

சாறு

இனி மையமான விஷயம். நறுக்கிய பழத்தில் சர்க்கரையைக் கலந்து அப்படியே தட்டில் கொட்டி ஓவனுக்குள் தள்ளிவிடுவதுதான் தண்ணீர்க் காப்லருக்கு நேர் வழி. சாறு முழுவதும் ஓவனுக்குள்தான் வெளியேறும். அது எவ்வளவு என்று உங்களுக்குத் தெரிய வாய்ப்பே இல்லை. பழத்துக்குப் பழம் அந்த அளவு மாறும்.

அதற்குப் பதில் நறுக்கிய துண்டுகளில் சர்க்கரை, எலுமிச்சைச் சாறு, ஒரு சிட்டிகை உப்பு கலந்து அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஊறவிடுங்கள். பிறகு சல்லடையில் வடியுங்கள். வடிந்த சாற்றைக் கொட்டிவிடக் கூடாது. அதில்தான் பீச்சின் மணமே இருக்கிறது. ஒரு சிறிய பாத்திரத்தில் ஊற்றிப் பாதியாகச் சுண்டும்வரை கொதிக்கவைத்து, ஆறவிட்டுப் பழத்தோடு சேருங்கள். தண்ணீர் போய்விடும், சுவை தங்கிவிடும். இதற்குப் பதினைந்து நிமிடம் கூடுதலாக ஆகும். காப்லர் செய்வதில் இவ்வளவு பலன் தரும் பதினைந்து நிமிடம் வேறு எதுவும் இல்லை.

சர்க்கரை அளவைச் செய்முறை சொன்னபடியே போடுவதும் தவறுதான். ஒரு துண்டை வாயில் போட்டுப் பாருங்கள். நல்ல இனிப்பான பழம் ஒரு கிலோவுக்கு 100 கிராம் சர்க்கரை போதும். புளிப்பாக இருந்தால் 150 வரை போகலாம். சர்க்கரை கூடக் கூட வெளியேறும் சாறும் கூடும் என்பதை மறக்க வேண்டாம்.

அடுத்தது சாற்றைக் கெட்டியாக்கும் கார்ன்ஃப்ளார், அதாவது சோள மாவுச்சத்து. ஒரு கிலோ பழத்துக்கு ஒன்றரை முதல் இரண்டு டேபிள்ஸ்பூன் வரை சரியாக இருக்கும். மைதாவால் கெட்டியாக்க நினைத்தால் அதைப் போல இரு மடங்கு வேண்டும், சாறும் கலங்கலாகத் தெரியும். கார்ன்ஃப்ளாரைச் சூடான சாற்றில் நேராகத் தூவினால் கட்டி கட்டியாகிவிடும். ஆறிய சாற்றில் கரைத்தபின் சேர்க்க வேண்டும். சாறு கெட்டியாகவில்லை என்று அளவை இரட்டிப்பாக்குபவர்கள் அதிகம். பெரும்பாலும் குறை அளவில் இல்லை, சூட்டில் இருக்கிறது. மாவுச்சத்து 60 டிகிரிக்கு மேல் உப்ப ஆரம்பித்தாலும், முழுதாகக் கெட்டிப்படக் கொதிநிலையை நெருங்கியாக வேண்டும். தட்டின் ஓரத்தில் குமிழி வந்ததும் எடுத்துவிட்டால் நடுப்பகுதி இன்னும் அந்தச் சூட்டைத் தொட்டிருக்காது. அங்கே சாறு நீர்த்து, பச்சை மாவு வாசனையோடு இருக்கும். குமிழிகள் நடுவிலும் வர வேண்டும். நீர்க்குமிழி போலச் சடசடவென்று வெடிக்காமல் கனமாக, மெதுவாக எழுந்து உடைய வேண்டும்.

உறைந்த பீச்சிலும் நல்ல காப்லர் வரும், ஆனால் அதைப் புதுப் பழம் போல நடத்தக் கூடாது. உறையும்போது ஐஸ் படிகங்கள் பழத்தின் செல்களைக் கிழித்துவிடுவதால் உருகும்போது சாறு கொட்டும். சல்லடையில் முழுக்க உருகவிட்டு, அந்தச் சாற்றையும் மேலே சொன்னபடி சுண்டவையுங்கள். டின்னில் வரும் பீச் ஏற்கெனவே வெந்தது, பெரும்பாலும் இனிப்புப் பாகில் ஊறியது. பாகை வடித்துவிட்டுச் சர்க்கரையைப் பாதிக்கும் கீழே குறையுங்கள்.

பட்டைத்தூளை அள்ளிப் போடாதீர்கள். ஒரு கிலோவுக்கு அரை டீஸ்பூன், கூடவே ஜாதிக்காய் ஒரு சிட்டிகை. அதற்கு மேல் போனால் ஆப்பிளா பீச்சா என்று தெரியாத இனிப்பாகிவிடும். பீச்சும் பாதாமும் ஒரே பேரினத்தைச் சேர்ந்த மரங்கள் என்பதால் பாதாம் எசென்ஸ் இதோடு அழகாகச் சேரும். ஆனால் சில சொட்டுகள் மட்டுமே.

மேல்மாவு

மேலே பொன்னிறம், அடியில் பச்சை: காப்லரைப் பற்றி வரும் புகார்களில் முதல் இடம் இதற்குத்தான். குளிர்ந்த பழத்தின் மேல் மாவை வைத்தால், மேற்புறத்தை ஓவனின் சூடு வேகவைத்துவிடும்; அடிப்புறமோ குளிர்ந்த சாற்றில் ஊறிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பழம் கொதிக்க ஆரம்பிப்பதற்குள் மேற்புறம் சிவந்துவிடும். நாமும் ஏமாந்து வெளியே எடுத்துவிடுவோம். பழத்தை மட்டும் முதலில் 200 டிகிரி செல்சியஸில் 15 நிமிடம் வைத்து, சாறு குமிழியிடத் தொடங்கியதும் மாவை வையுங்கள். பிறகு 190 டிகிரியில் 25 முதல் 30 நிமிடம். கீழிருந்து வரும் ஆவியும் மேலிருந்து வரும் சூடும் சேர்ந்து மாவை இருபுறமும் வேகவைக்கும்.

மாவால் பழத்தை முழுதாக மூடிவிடவும் கூடாது. இடைவெளி இருந்தால்தான் ஆவி வெளியேறும், சாறு சுண்டும். உருண்டைகள் கனமாக இருந்தாலும் நடுவில் வேகாது. இரண்டு சென்டிமீட்டர் உயரம் போதும்.

மாவுக்கு வெண்ணெய் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த குளிரோடே இருக்க வேண்டும். மைதாவில் அதைப் பட்டாணி அளவுத் துண்டுகளாகப் பிசறிவிடுங்கள். அந்தத் துண்டுகள் ஓவனில் உருகி, அவற்றிலுள்ள நீர் ஆவியாகி எழும்போதுதான் மாவு அடுக்கடுக்காக மென்மையாகிறது. வெண்ணெய் முன்பே உருகி மாவோடு கலந்துவிட்டால் அந்த அமைப்பு வராது. பால் ஊற்றிய பின் பிசையவே கூடாது. சப்பாத்தி மாவு போல வழவழப்பாக வரும்வரை கை வேலை செய்தால் மைதாவிலுள்ள குளூட்டன் என்ற புரதம் இறுகி, காப்லர் மேல் ரொட்டி வைத்தது போலாகிவிடும். உலர்ந்த மாவு கண்ணில் படாத அளவுக்கு ஒன்றுசேர்ந்தால் போதும். பிசிறு பிசிறாக இருப்பது நல்லதுதான்.

மைதாவைக் கப்பால் அழுத்தி அள்ளினால் கப்புக்கு 25 கிராம் கூடுதலாக வந்துவிடும். தராசு இருந்தால் எடை போடுங்கள். 200 கிராம் மைதாவுக்கு இரண்டு டீஸ்பூன் பேக்கிங் பவுடர் சரியான அளவு. பல மாதம் அலமாரியில் இருந்த டப்பா என்றால் கொஞ்சம் எடுத்து வெந்நீரில் போட்டுப் பாருங்கள். பொங்கி நுரைக்காவிட்டால் அது வேலைக்கு ஆகாது. பேக்கிங் பவுடர் இல்லையென்று அதே அளவு பேக்கிங் சோடாவைப் போட்டால் சோப்புச் சுவை வந்துவிடும். பால் பட்டவுடனே பவுடர் வேலையைத் தொடங்கிவிடுவதால் மாவைக் கலந்து வைத்துவிட்டுப் பழம் நறுக்கப் போகாதீர்கள். பழம் ஓவனில் இருக்கும் அந்த 15 நிமிடம்தான் மாவு கலக்கும் நேரம்.

மாவுக் கரைசலை ஊற்றும் முறையில் எச்சரிக்கை ஒன்றுதான்: எதையும் கிளறாதீர்கள். உருகிய வெண்ணெய், அதன்மேல் கரைசல், அதன்மேல் பழம். கரைசல் தானே உப்பிப் பழத்தைச் சுற்றி மேலே ஏறும். கரண்டியால் கலந்துவிட்டால் மொறுமொறுப்பான ஓரங்கள் கிடைக்காது.

தட்டு, ஓவன், பொறுமை

ஆழம் குறைந்த அகலமான தட்டு நல்லது. சாறு சுண்ட இடம் கிடைக்கும். விளிம்பிலிருந்து இரண்டு விரல் இடம் விடுங்கள், கீழே ஒரு டிரே வையுங்கள். பூச்சில்லாத அலுமினியப் பாத்திரம் பழத்தின் புளிப்போடு வினைபுரிந்து உலோகச் சுவை தரும். கண்ணாடி அல்லது பீங்கான் பாதுகாப்பானது. ஓவனை முன்கூட்டியே முழுச் சூட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். விசிறி ஓடும் ஓவன் என்றால் 20 டிகிரி குறைத்துக்கொள்ளுங்கள்.

வெந்துவிட்டதா என்று நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். நடுவில் உள்ள உருண்டை ஒன்றை முள்கரண்டியால் லேசாகத் தூக்கி அடியைப் பாருங்கள். பஞ்சு போல இருக்க வேண்டும், பசை போல மின்னக் கூடாது. தெர்மாமீட்டர் இருந்தால் மாவின் நடுவில் 93 டிகிரி காட்ட வேண்டும். மேற்புறம் முன்பே சிவந்துவிட்டால் ஃபாயிலைத் தளர்வாகப் போர்த்திவிட்டுத் தொடருங்கள்.

எடுத்தவுடன் பரிமாறினால் சரியாகச் செய்த காப்லரும் தண்ணீராகத்தான் தெரியும். கார்ன்ஃப்ளார் ஆற ஆறத்தான் இறுகும். குறைந்தது அரை மணி நேரம் விடுங்கள்; அப்போதும் ஐஸ்கிரீமை உருக்கும் சூடு இருக்கும். சூடாக இருக்கும்போது மூடி போடாதீர்கள், ஆவி திரும்ப மாவிலேயே இறங்கும். மீந்ததை முழுக்க ஆறியபின் மூடி ஃபிரிட்ஜில் இரண்டு மூன்று நாள் வைக்கலாம். திரும்பச் சூடாக்க 175 டிகிரி ஓவனில் 15 நிமிடம் போதும். மைக்ரோவேவ் பழத்தைச் சூடாக்கும், மேல்மாவை ரப்பராக்கிவிடும்.