கிழிந்த கோது சேம்பரில் இறுகினால்: தவிர்க்க வேண்டிய பிழைகள்

கொழும்பில் பிஸ்டல் சுடப் பழகுபவர்களின் தொகை சிறியது. அந்தச் சிறிய வட்டத்துக்குள்ளேயே, முன்னவர்கள் குழலைக் கெடுத்துக்கொண்ட அதே வேலையைப் புதிதாக வருபவர்களும் அப்படியே செய்கிறார்கள். குழல்வாயை எந்தப் பக்கம் பிடிப்பது, கண்ணாடி போடுவது, விரலை எங்கே வைப்பது என்பதெல்லாம் இங்கே இல்லை. அவை தெரியாதவர் சுடுதளத்தில் நிற்கக் கூடாது.

மீள்நிரப்பிய ரவை (சுட்ட கோதில் மறுபடி மருந்து வைத்துச் செய்த தோட்டா) ஒன்று வெடிக்கும்போது, அதன் பித்தளை உறையான கோது, அடிக்குச் சற்று மேலே சுற்றிவரக் கிழிந்துவிடுகிறது. சுட்ட கோதை இழுக்கும் கொக்கியான எக்ஸ்ட்ராக்டர் அடித்துண்டை மட்டும் இழுத்து வெளியே எறிகிறது. மேற்பாதி, அடியில்லாத ஒரு பித்தளைக் குழாயாக, குழலில் ரவை உட்காரும் இடமான சேம்பருக்குள்ளேயே நின்றுவிடுகிறது. மெகசினிலிருந்து ஏறும் அடுத்த ரவை அந்தக் குழாய்க்குள் மூக்கை நுழைத்துப் பாதியில் நிற்கிறது. பிஸ்டலின் மேலே முன்னும் பின்னும் நகரும் ஸ்லைட் முழுதாக மூடாது. பின்வரும் பிழைகள் எல்லாம் இந்த இடத்திலிருந்துதான் தொடங்குகின்றன.

ஸ்லைடை உள்ளங்கையால் அடித்து மூடுவது

தடங்கல் வந்தால் மெகசினைத் தட்டு, ஸ்லைடை இழுத்து விடு என்று பழக்கியிருப்பார்கள். சாதாரணத் தடங்கலுக்கு அது சரி. கோது கிழிந்த நேரத்தில் அது உயிருள்ள இன்னொரு ரவையை இறுக்கமாக ஆப்பு அடிக்கும் வேலை. அடிக்கிற அடியில் சன்னம் (ரவையில் பறந்து போகும் முனை) தன் கோதுக்குள் பின்வாங்கும். உள்ளே இடம் குறைந்தால், அதே அளவு மருந்து எரிந்தாலும் அழுத்தம் கூடும். ஸ்லைட் முற்றாகப் பூட்டாத நிலையில் அந்த ரவை வெடித்தால், கோதின் அடியைத் தாங்குவதற்குப் பின்னால் உருக்கு இல்லை. வாயு மெகசின் வழியே கீழே வரும், கையும் அங்கேதான் இருக்கிறது.

செய்ய வேண்டியது: மெகசினை முதலில் கழற்றுங்கள். பிறகு ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்துப் பூட்டுங்கள். பல வேளைகளில் பாதியில் நின்ற ரவை வெளியே வரும்போது கிழிந்த குழாயையும் மூக்கில் மாட்டிக்கொண்டு வந்துவிடும், அத்தோடு வேலை முடிந்தது. ரவை அசையவே இல்லை என்றால் சுத்தியலைத் தேடாதீர்கள். குழல்வாய் இலக்குப் பக்கம் பார்த்தபடியே இருக்க, சுடுதளப் பொறுப்பாளரைக் கூப்பிடுங்கள். ட்ரிகரை அழுத்தி வெடிக்காமல் நின்றது என்றால், எதையும் தொடுவதற்கு முன் 30 விநாடி பொறுங்கள்.

சத்தம் குறைவாக இருந்ததைப் பொருட்படுத்தாமல் விடுவது

சன்னம் குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். குழலைக் கழற்றிச் சேம்பர் பக்கமிருந்து வெளிச்சத்துக்குப் பிடித்துப் பாருங்கள். மறுபக்க வெளிச்சம் தெரிய வேண்டும்.

திருப்புளியால் நெம்புவது

இவ்வளவு சொல்லியும் இன்றுவரை நிற்காத பிழை இதுதான். பார்க்கும் ஒவ்வொரு முறையும் எரிச்சல் வருகிறது, ஏனென்றால் இது முழுக்கத் தவிர்க்கக்கூடியது.

காட்சி எப்போதும் ஒன்றுதான். ஸ்லைட் பின்னால் பூட்டியிருக்கிறது, சேம்பருக்குள் மஞ்சள் வளையம் மினுங்குகிறது. பையில் ஒரு சின்னத் திருப்புளி இருக்கிறது. “கொஞ்சம் நெம்பினால் வந்துவிடும் அண்ணை” என்று பக்கத்தில் நிற்பவரும் சொல்கிறார். இரண்டு நிமிடத்தில் வளையம் வெளியே வந்துவிடுகிறது, எல்லோருக்கும் சந்தோஷம். அடுத்த வாரம் புத்தம் புதிய தொழிற்சாலை ரவையும் சேம்பரில் ஒட்டத் தொடங்குகிறது, யாருக்கும் காரணம் விளங்குவதில்லை.

காரணம் இது. 9 மி.மீ. லூகர் கோதின் வாய்ப்பக்கச் சுவர் ஏறக்குறைய 0.3 மி.மீ. தடிப்புத்தான். அது சேம்பர் சுவரோடு அப்பியிருக்கும்போது, இரண்டுக்கும் நடுவே திருப்புளி முனை நுழைய இடமே கிடையாது. நுழைகிறது என்றால் முனை உருக்கைக் கிண்டிக்கொண்டு போகிறது என்று பொருள். நல்ல திருப்புளியின் முனை பிஸ்டல் குழலை விடக் கடினமாகப் பதப்படுத்தப்பட்டது. தோற்பது குழல்தான்.

அந்தக் கீறல் கண்ணுக்கு மயிரிழை போலத்தான் தெரியும். ஆனால் இந்த ரவைக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தம் 2,350 பார். அந்த அழுத்தத்தில் பித்தளை சுவரோடு நசுங்கி, கீறலுக்குள்ளும் பிதுங்கி இறங்குகிறது. அழுத்தம் விழுந்ததும் கோது சுருங்கித் தளர வேண்டும், ஆனால் கீறலுக்குள் போன பித்தளை கொக்கி போலப் பிடித்துக்கொள்கிறது. எக்ஸ்ட்ராக்டர் விளிம்பைப் பிய்க்கும், அல்லது பலவீனமான கோதை மறுபடி கிழிக்கும். அப்போது இரண்டாவது குழாய் உள்ளே நிற்கிறது, திருப்புளி மறுபடி வெளியே வருகிறது.

கீறல் சேம்பரின் முன்படியில் விழுந்தால் இன்னும் மோசம். 9 மி.மீ. ரவை தன் வாய் விளிம்பை அந்தப் படியில் முட்டுக்கொடுத்துத்தான் நிற்கிறது. படியில் பிசிறு எழும்பினால் ரவை முழுதாக இறங்காது, ஸ்லைட் பூட்டாது. தேய்த்து எடுத்துவிடலாம் என்று உப்புத்தாளைக் கையில் எடுப்பவர்கள், கீறலைப் போக்கச் சேம்பரையே பெருப்பித்துவிடுகிறார்கள். மிச்சம் இருக்கும் வழி புதுக் குழல். அது இங்கே கடைக்குப் போய்ப் பார்த்து வாங்கும் பொருள் அல்ல.

சரியான முறைக்கு அரை மணித்தியாலம் போதும். துப்பாக்கியில் வேறு ரவை இல்லை என்று உறுதிசெய்து, குழலைத் தனியே கழற்றுங்கள். சேம்பர் பக்கத்தை மேலே பார்க்க நிறுத்தி, கிழிந்த விளிம்பைச் சுற்றி ஊடுருவும் எண்ணெய் மூன்று நான்கு துளி விட்டு 20 நிமிடம் விடுங்கள். துடைத்துவிட்டு, 9 மி.மீ. குழலுக்குப் .40 அல்லது .45 அளவு வெண்கலத் தூரிகையைச் சேம்பர் பக்கமாக நேரே உள்ளே தள்ளுங்கள். ஒரு அளவு பெரிதான தூரிகை என்பதுதான் இதில் சூட்சுமம். தள்ளும்போது மயிர்கள் பின்னோக்கி மடியும். இழுக்கும்போது அவை நிமிரப் பார்த்து, குழாயின் உட்சுவரைக் கவ்வும். குழாயின் நீளத்தைத் தாண்டி, குழலின் உட்சுவரில் வெட்டியிருக்கும் சுழல்வரிக்குள் தூரிகையை விடாதீர்கள், அங்கே அதுவே இறுகிவிடும். கோதின் முழு நீளமே 19.15 மி.மீ. தான். அந்த அளவைத் தடியில் ஒட்டுநாடாவால் குறித்துக்கொண்டால் பிழைக்காது.

குழல்வாய்ப் பக்கமிருந்து வெறும் தடியால் குத்துவது ஏன் பலிப்பதில்லை என்று கேட்பார்கள். சுழல்வரிகளின் மேட்டு விட்டம் 8.82 மி.மீ., கோதின் உள்விட்டம் ஏறக்குறைய 9 மி.மீ. குழலுக்குள் போகக்கூடிய எந்தத் தடியும் கிழிந்த குழாய்க்கு உள்ளே வழுக்கிக்கொண்டு போய்விடும். பிடிக்க அங்கே விளிம்பு இல்லை.

தூரிகைக்கும் வராவிட்டால், சேம்பரின் அச்சு எடுக்கத் துப்பாக்கிக் கம்மியர் பாவிக்கும் செரோசேஃப் என்ற உலோகக் கலவை உதவும். அது 71 முதல் 88 பாகை செல்சியசுக்குள் உருகும், கொதிநீருக்குள் வைத்த பாத்திரமே போதும். சேம்பருக்குச் சற்று முன்னால் குழலைத் துணியால் அடைத்து, கிழிந்த விளிம்புக்குக் கீழே நிற்கும்படி ஊற்றுங்கள். முதல் அரை மணித்தியாலம் அது சுருங்கும், பிறகு மெல்ல விரியத் தொடங்கும். ஆகவே அரை மணித்தியாலத்துக்குள் குழல்வாய்ப் பக்கமிருந்து மரத்தடி அல்லது பித்தளைத் தடியால் தட்டி வெளியேற்றுங்கள். பழைய சோனகத் தெரு ஹாட்வெயார் கடைகளில் பித்தளைத் தடி கிடைக்கும், 8 மி.மீ. போதும். கலவையில் ஈயமும் கட்மியமும் இருக்கின்றன. சமையலறைப் பாத்திரத்தைத் தொடாதீர்கள்.

சூடாக்குவது

வேண்டாம். உருக்கைவிடப் பித்தளை அதிகமாக விரியும், இன்னும் இறுகும். எதிர்த்திசையில் போங்கள். எண்ணெய் விட்ட குழலைப் பொலித்தீன் பையில் சுற்றி ஃப்ரீசரில் ஒரு மணித்தியாலம் வையுங்கள். கிடைக்கும் இடைவெளி 3 மைக்ரோன் அளவுதான், ஆனால் எண்ணெய் இறங்க அது உதவும். வெளியே எடுத்த உடனே தூரிகையைப் போடுங்கள். கொழும்பின் ஈரக் காற்றில் குளிர்ந்த உருக்கு நொடியில் வேர்க்கும். துடைத்து எண்ணெய் பூசாமல் இரவு விட்டால் காலையில் துரு நிற்கும்.

பஞ்சிகாவத்தைக்குக் கொண்டுபோவது

பஞ்சிகாவத்தைக் கடைசல்காரர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், அனுமதிப்பத்திரம் உங்கள் பெயரில் இருக்கும் சுடுகலத்தின் குழலை அவர் கையில் கொடுக்க முடியாது.

கிழிந்த துண்டை எறிந்துவிடுவது

ஏன் நடந்தது என்று சொல்லக்கூடிய ஒரே சாட்சி அதுதான். அடித்துண்டையும் தேடி எடுத்து இரண்டையும் பொருத்திப் பாருங்கள்.

சுற்றிவர ஒழுங்காகக் கிழிந்திருந்தால், உட்புறத்தில் படி வெட்டியது போல ஒரு திட்டு இருக்கிறதா என்று வளைத்த ஊசிக் கம்பியால் தடவுங்கள். சில 9 மி.மீ. கோதுகள் உள்ளே அப்படிப் படியோடு வருகின்றன. மீள்நிரப்பும்போது அந்தப் படியில்தான் பிரியும். அந்த வகைக் கோதை ஒதுக்குங்கள், எத்தனை முறை சுட்டது என்ற கணக்கே வேண்டாம். வாயிலிருந்து நீளவாக்கில் பிளந்திருந்தால், திரும்பத் திரும்ப ஒடுக்கியும் விரித்தும் பித்தளை விறைத்துவிட்டது. அடிப்பக்கம் ஒரு புறம் மட்டும் பிதுங்கி ஓட்டை விழுந்திருந்தால், ரவை ஏறும் சரிவுக்கு மேலே தாங்கலில்லாத இடம் அது. அங்கே மிகை அழுத்தத்தைச் சந்தேகியுங்கள்: மருந்து கூடியதா, சன்னம் பின்வாங்கியதா, ஸ்லைட் பூட்டுமுன் வெடித்ததா?

குத்துவிளக்குப் பொலிஷால் கோது மினுக்குவது

கோது 70 வீதம் செம்பும் 30 வீதம் நாகமும் (துத்தநாகம்) கலந்த பித்தளை. அம்மோனியா பட்டால், உள்ளே இழுவிசை இருக்கும் இடங்களில் அது தானாக விரிசல் விடும். பிரித்தானியர் காலத்து இந்தியாவில், மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்த ரவைகளின் கோதுகள் விரிசல் விட்டுக்கிடந்ததற்குக் காரணம் அங்கிருந்த அம்மோனியாதான். வீட்டுப் பித்தளைப் பொலிஷ் பலவற்றில் அதே அம்மோனியா இருக்கிறது. விளக்குக்கு அது பொருந்தும், 2,350 பார் தாங்க வேண்டிய சுவருக்குப் பொருந்தாது. புளியும் தேசிக்காயும் சில நிமிடத்துக்குப் பரவாயில்லை, நன்றாக அலச வேண்டும். ஊறவிட்டுக் கோது இளஞ்சிவப்பாக மாறினால் நாகம் கரைந்துவிட்டது, எறியுங்கள்.

அனுமதி

மருந்தும், அதைப் பற்றவைக்கும் பிரைமரும் 1956ஆம் ஆண்டின் வெடிபொருட்கள் சட்டத்துக்குள் வருபவை. எழுத்தில் அனுமதி இல்லாமல் மீள்நிரப்பலைத் தொடவேண்டாம்.

மிச்ச ரவையைச் சுட்டு முடித்துவிடலாம் என்று நினைப்பது

ஒன்று கிழிந்தால் அதே நாளில் அதே கோதுக் குவியலில் நிரப்பிய அத்தனையும் ஒதுக்கப்பட வேண்டும். ஒவ்வொன்றாகச் சன்னத்தைக் கழற்றி, மருந்தை நிறுத்துப் பாருங்கள். பிஸ்டலில் எக்ஸ்ட்ராக்டர் முனை, மெகசின் சுவர், கைப்பிடி மூன்றிலும் வெடிப்பு அல்லது பிதுக்கம் உண்டா என்று பாருங்கள். வாயு வெளியேறிய வழி இவைதான். கடைசியாக, துடைத்துக் காய்ந்த குழலைத் தனியே கையில் பிடித்து, தொழிற்சாலை ரவை ஒன்றைச் சேம்பருக்குள் விடுங்கள். அது தன் பாரத்திலேயே ‘டொக்’கென்று இறங்கி, கவிழ்த்ததும் தானாக விழ வேண்டும். விழாமல் தொங்கினால் அந்தக் குழலைப் பிஸ்டலில் திரும்பப் பூட்டாதீர்கள்.